பாக்கா: பாரன்கியா காலத்து கோல் கணக்கு

கொலம்பியக் கால்பந்து வீரர் கார்லோஸ் பாக்கா 2009-க்கு முன் ஆடியதற்கு ஒரு இணையத்தளத்தில் கோல் இடத்தில் வெறும் கோடு, இன்னொன்றில் கோல் எண்ணிக்கை. எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் நண்பரே. அந்தக் கோட்டை பூஜ்யமாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பதிவு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அவர் அப்போது ஆடிய பாரன்கியா எஃப்சி, கொலம்பிய இரண்டாம் டிவிஷன் அணி. 'ஜூனியர்' என்ற பெயருள்ள பெரிய கிளப்பின் நாற்றங்கால் மாதிரி. அதனால் சில தளங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும். நடுவில் வெனிசுவேலாவின் மினெர்வென் கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக) போனதைப் பலர் விட்டே விடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் சீசன். கொலம்பியாவில் லீக் ஜனவரி–டிசம்பர் கணக்கு, அதிலும் அபெர்துரா (ஆண்டின் முதல் பாதி), ஃபினாலிசசியோன் (இரண்டாம் பாதி) என்று இரண்டு தனித் தொடர்கள். அதை '2007-08' என்ற ஐரோப்பியக் கட்டத்தில் திணித்தால் கோல்கள் இடம் மாறத்தான் செய்யும். 2008-இல் மீண்டும் தொடங்கிய கோபா கொலம்பியா என்ற உள்நாட்டுக் கோப்பையில் இரண்டு டிவிஷன் அணிகளும் ஆடின. அந்த கோல்கள் லீக் கணக்கில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாரன்கியா நகரின் எல் எரால்டோ நாளிதழில், 'பாக்கா அவுமாடா' (Bacca Ahumada) என்று இரண்டு குடும்பப் பெயரையும் ஸ்பானிய எழுத்தில் போட்டுத் தேடுங்கள். இருபது வயதிலும் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவர். அந்த வயதில் பெரிய கிளப் வரலாறு தேடினால் எங்கே கிடைக்கும்? 2012-இல் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் போன பிறகு எண்களில் பிரச்சினை இல்லை: 2012-13 லீக்கில் 25 கோல்.