ஜார்ஜ் செயின்ட் பியர் பயந்து சண்டை போட்டவரா?

கேள்வி: 2009 ஜூலை முதல் 2013 நவம்பர் வரை யுஎஃப்சி (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) வெல்டர்வெயிட் எடைப்பிரிவு சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர் ஏழு டைட்டில் சண்டைகளையும் புள்ளிக் கணக்கில்தான் ஜெயித்தார். பெல்ட்டைக் காப்பாற்ற ரிஸ்க்கே எடுக்காத ஒருவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இதே விஷயத்துக்காக நான் முதன்முதலில் வாய்ச்சண்டை போட்டது 2011 மே 1, ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி விடுதியில். டொராண்டோவில் சனிக்கிழமை ராத்திரி. மைதானத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல். செயின்ட் பியருக்கு எதிரே ஜேக் ஷீல்ட்ஸ். இங்கே ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர். மூன்றாவது ரவுண்டு முடிவதற்குள் ஐந்து பேர், பூரி தீர்ந்துவிடும் என்று மெஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். "உங்க ஆளு பெல்ட்டுக்கு வாட்ச்மேன் வேலை பாக்குறாருடா" என்று என் அறைத் தோழன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஒரு சண்டையைப் பொறுத்தவரை அவன் சொன்னது நியாயம்தான். ஷீல்ட்ஸ் தரையில் பிடி போடுவதில் கெட்டிக்காரர், நின்று அடிப்பதில் சுமார். அப்படிப்பட்டவரை இருபத்தைந்து நிமிடமும் எட்டி நின்றே அடித்துக்கொண்டிருந்தார் சாம்பியன். இடது கண் தெரியவில்லை என்று ரவுண்டு இடைவேளையில் பயிற்சியாளரிடம் சொன்னது உண்மை. ஆனாலும் அதற்கு முன்பே இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போயிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அந்த ஒன்றை வைத்து மற்ற ஆறையும் எடை போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், அவர் ஏன் இப்படி மாறினார் என்று பார்க்க வேண்டும். 2006 நவம்பரில் மேட் ஹியூஸைத் தலையில் உதைத்துச் சாய்த்து பெல்ட்டை வாங்கிய செயின்ட் பியரை யாரும் சலிப்பூட்டுபவர் என்று சொன்னதில்லை. அடுத்த ஏப்ரலில், ஹூஸ்டனில், மேட் செர்ரா. யாருமே ஒரு பொருட்டாக எண்ணாத போட்டியாளர். தலையின் பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தது, சாம்பியனுக்குக் கால் தள்ளாடியது. சுதாரித்து விலகிப் போகாமல் பதிலுக்கு பதில் அடிக்கப் பார்த்தார். முதல் ரவுண்டு முடிவதற்குள், தரையில் கிடந்தபடி கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவர் ஒரு சண்டையில்கூடத் தோற்கவில்லை. சூடு பட்ட பிறகு அடுப்பை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொண்டவரை அடுப்புக்குப் பயந்தவர் என்று சொல்வது என்ன கணக்கு?

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பாதுகாப்பாக ஆடுகிறவன் எதிராளியின் பலம் இருக்கும் பக்கமே போகமாட்டான். செயின்ட் பியர் கியூபெக்கில் கியோகுஷின் கராத்தே கற்று வளர்ந்தவர். பள்ளியிலோ கல்லூரியிலோ மல்யுத்தம் பழகியவர் இல்லை, பின்னாளில் மான்ட்ரியலில் மல்யுத்த வீரர்களோடு உருண்டு புரண்டு கற்றுக்கொண்டது. ஆனால் ஜாஷ் காஸ்செக் 2001-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன். 2007 ஆகஸ்டில், செர்ராவிடம் தோற்ற நான்கே மாதத்தில், அந்தக் காஸ்செக்கையே டேக்டவுன் செய்து (காலையோ இடுப்பையோ பிடித்துக் கீழே தள்ளி) தரையில் அடக்கினார். டேக்டவுனுக்குப் பாயும்போது தலை தாழ்கிறது. முழங்கால் வந்து முகத்தில் மோதலாம், கழுத்து பிடியில் சிக்கலாம். அதை ஒரு மல்யுத்த சாம்பியனிடமே செய்து பார்க்கிறவரை ரிஸ்க் எடுக்காதவர் என்பீர்களா?

2010 டிசம்பரில் இருவரும் மறுபடி மோதியபோது எல்லாரும் எதிர்பார்த்தது மீண்டும் மல்யுத்தத்தை. செயின்ட் பியர் ஜாப் (முன் கையால் நேராக விடும் விரைவான குத்து) அடித்தார். முதல் ரவுண்டிலேயே காஸ்செக்கின் வலது கண் வீங்க ஆரம்பித்தது. அதே கண்ணில் மீண்டும் மீண்டும் இடது கை ஜாப், ஐந்து ரவுண்டும். கடைசியில் கண்குழி எலும்பே முறிந்திருந்தது. இதுவும் 'புள்ளிக் கணக்கில் ஜெயித்த' ஏழில் ஒன்றுதான். நாக் அவுட் இல்லை, அவ்வளவே. மட்டமான சண்டை என்று அதை எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

டான் ஹார்டி சண்டையில் கையை முழுவதுமாக வளைத்துப் பிடித்தும் ஹார்டி விட்டுக்கொடுக்கவில்லை. அது ஹார்டியின் வைராக்கியம், சாம்பியனின் கோழைத்தனம் அல்ல. ஒன்றரை ஆண்டுக்கு மேல் முழங்கால் காயத்தால் ஒதுங்கியிருந்து திரும்பிய 2012 நவம்பரில், மான்ட்ரியலில், கார்லோஸ் காண்டிட்டின் உதை தலையில் பட்டுக் கீழே விழுந்தார். இந்த முறை பதிலடிக்கு அவசரப்படவில்லை. மறைத்தார், பிடித்தார், மூச்சு வாங்கினார், அந்த ரவுண்டு முடியும்போது மேலே இருந்தது அவர். ஹூஸ்டனில் தெரியாத ஒன்று மான்ட்ரியலில் தெரிந்திருந்தது. எனக்கு அவருடைய சண்டைகளிலேயே மிகப் பிடித்த இரண்டு நிமிடம் இதுதான்.

விதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் தனித்தனியாக மார்க். பெரும்பாலும் ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது. மெல்லிதாக ஜெயித்தாலும் நன்றாக ஜெயித்தாலும் அதே பத்து-ஒன்பதுதான் பல நேரம். நாக் அவுட்தான் வேண்டும் என்றால் மார்க் போடும் முறையிடம் கேளுங்கள், அதற்குள் நின்று ஆடியவரிடம் அல்ல.

2013 நவம்பரில் ஜானி ஹெண்ட்ரிக்ஸோடு நடந்த சண்டையில் நடுவர்களிடையே கருத்து பிரிந்துதான் அவர் ஜெயித்தார். எனக்கும் அன்று ஹெண்ட்ரிக்ஸ்தான் ஜெயித்ததாகப் பட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் சண்டை முடிந்து பேச வந்த அந்த முகத்தைப் பார்த்தீர்களா? வீங்கி, அடையாளமே மாறியிருந்தது.

என் அறைத் தோழனோடு இன்றும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம் அவனுக்கு 2009 ஜூலை தியாகோ ஆல்வெஸ் சண்டையை அனுப்பினேன். நடுவில் செயின்ட் பியருக்குத் தொடை இடுக்குத் தசை கிழிந்துவிடும். அந்தக் காலோடுதான் மீதி ரவுண்டுகளை முடிப்பார். மூன்று நடுவர்களும் ஐந்து ரவுண்டையும் அவருக்கே கொடுத்தார்கள். அவன் இன்னும் பார்க்கவில்லை. நீங்களாவது நான்காவது ரவுண்டிலிருந்து பாருங்கள்.