இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்திருக்கிறேன். இவை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. 2026 மே 1 முதல் இங்கேயும் நிறைய மாறிவிட்டது. பழைய குறிப்புகளை நம்பி நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (ஹாரோ): தெரிந்தவரின் நண்பருக்கு ஃபிளாட்டை விட்டிருக்கிறேன். வாடகை மாதம் 1,500 பவுண்டு. இரண்டு மாத டெபாசிட்டைக் கையில் வாங்கி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை அண்ணா, இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. 1,500-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, 52-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள். 1,730 பவுண்டு சொச்சம் வரும். மீதி 1,269 பவுண்டை உடனே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது, டெபாசிட்டைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். பதிந்த விவரத்தை அவருக்கு எழுத்தில் தரவும் வேண்டும். தவறினால் டெபாசிட் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கோர்ட் தண்டம் போடலாம். 30 நாள் தாண்டியிருந்தாலும் இன்றே பதியுங்கள். நாளைக்கு வீட்டைத் திரும்பக் கேட்டு கோர்ட்டுக்குப் போனால், பெரும்பாலான காரணங்களுக்கு டெபாசிட் பதிவு இல்லாமல் உத்தரவு கிடைக்காது.

இன்னொன்றையும் செய்யுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஓவனின் உள்பக்கம், மெத்தையின் இரண்டு பக்கம், மீட்டர் எண், கார்பெட்டின் கறை என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசியில் தகராறு வந்தால் திட்டத்தின் நடுவர் பார்ப்பது இதைத்தான். ஆனால் பழைய கார்பெட்டுக்குப் புதிய கார்பெட்டின் விலையைக் கேட்டால் கிடைக்காது. புழங்கித் தேய்ந்தது உங்கள் கணக்கு.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): முதல் தடவையாக விடப்போகிறேன். என்னென்ன சான்றிதழ் வேண்டும்?

பதில்: கேஸ் இருந்தால் ஆண்டுதோறும் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் சோதனை, மின்சாரச் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, எரிசக்திச் சான்றிதழில் குறைந்தது 'ஈ' தரம். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

கேள்வி (குரொய்டன்): படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம். அவர்கள் சமைக்கும்போது ஜன்னலே திறப்பதில்லை. பிறகு எப்படி இது என் பொறுப்பாகும்?

பதில்: அக்கா, இதில் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். ரொச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது பூஞ்சணம் படர்ந்த வீட்டில். அங்கேயும் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று சொல்லப்பட்டது. பூஞ்சணத்தைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லி அவன் பெயரில் வந்த சட்டம், 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு (கவுன்சில் போன்ற அமைப்புகள் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள்) நடைமுறையில் இருக்கிறது. தனியார் வீடுகளுக்கும் அதை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அது வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுவர், கூரை, குழாய், சூடேற்றும் வசதி எல்லாவற்றையும் நல்ல நிலையில் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படியே உங்கள் கடமை.

நேரில் போய்ப் பாருங்கள். போவதற்கு 24 மணி நேரம் முன்னே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? குளியலறை விசிறியில் ஒரு டிஷ்யூ தாளை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா, கீழே விழுகிறதா? மழை பெய்யும்போது வெளியே நின்று, கூரைக் குழாய் வழிந்து சுவரில் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் பெயின்ட் மட்டும் அடித்தால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் வரும். அந்த அறையில் தூங்குவது யாருடைய பிள்ளையாக இருந்தால் என்ன?

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): ஐந்து பையன்களுக்கு வீட்டை விடப்போகிறேன், எல்லோரும் ஒரே ஊர் நண்பர்கள். பலர் பகிர்ந்து வாழும் வீட்டுக்கான கவுன்சில் லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். நண்பர்கள் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம் ஆக மாட்டார்கள். மூன்று, நான்கு பேர் என்றாலும், ஒரே குடும்பத்துக்கு விட்டாலும் லைசென்ஸ் கேட்கும் கவுன்சில்கள் உண்டு. விளம்பரம் போடுவதற்கு முன்பே உங்கள் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு வாடகை வரை திருப்பித் தர நேரலாம்.

கேள்வி (சென்னை): ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஸ்லாவில் இருக்கும் வீட்டின் வாடகைக்கு அங்கே வரி உண்டா?

பதில்: உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரர்களுக்கான திட்டத்தில் அனுமதி வாங்கவில்லை என்றால், ஏஜென்ட் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துத்தான் அனுப்ப வேண்டும். ஏஜென்ட் இல்லாமல் வாரம் 100 பவுண்டுக்கு மேல் நேரடியாகத் தருகிறவரும் பிடிக்க வேண்டும். அனுமதி வாங்கினாலும் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மார்ட்கேஜ் வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. வட்டியில் 20 சதவீத அளவுக்கு வரிச் சலுகைதான் கிடைக்கும்.

கேள்வி (லெஸ்டர்): மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டை அவளுக்கே கொடுக்க நினைக்கிறேன். குடியிருப்பவரை இரண்டு மாத நோட்டீசில் எழுப்பலாமா?

பதில்: காரணம் சொல்லாமல் எழுப்பும் அந்த நோட்டீஸ் இப்போது கிடையாது. மகள் குடிவரப் போகிறாள் என்பது சட்டம் ஏற்கும் காரணம்தான். ஆனால் நோட்டீஸ் நான்கு மாதம், வந்த முதல் ஆண்டுக்குள் அவரை எழுப்ப முடியாது. விற்பதற்கும் இதே கணக்கு. அப்புறம், மனம் மாறி உடனே வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட முடியாது, 12 மாதத் தடை இருக்கிறது.

கேள்வி (டூட்டிங்): இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. போனும் எடுப்பதில்லை. பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது தம்பி. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், சிறைக்கே போகலாம். மூன்று மாத பாக்கி சேர்ந்தால் நான்கு வார நோட்டீஸ் கொடுத்து கோர்ட்டுக்குப் போகலாம். அதற்கு முன் ஒரு கடிதம் எழுதி, வேலை போய்விட்டதா என்று கேளுங்கள். அவர் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவராக இருந்தால், இரண்டு மாத பாக்கியிலேயே வீட்டு வாடகைப் பகுதியை நேரே உங்களுக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பிக்கலாம். நீங்கள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.