எதிர்வீட்டு அக்கா பணம் வாங்க மறுக்கிறார்: தெருவும் பிள்ளைகளும் – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளையைப் பற்றிக் கேட்பதாகத் தொடங்கும் கேள்விகளில் பாதி, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியவை. மீதியில் கொஞ்சம் மாமியாரைப் பற்றியவை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் புகார். பதில்களிலும் அந்தக் கடுப்பு அங்கங்கே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இரண்டரை வயது. நான் வேலைக்குப் போனபின் மாமியார்தான் சாப்பாடு ஊட்டுகிறார். செல்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. செல்பேசி வேண்டாம் என்றால், "அப்படியானால் நீயே இருந்து ஊட்டு" என்கிறார் மாமியார். – வாசகி, அம்பத்தூர்

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று வேளையும் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றுபவருக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். ஆனால் அவரும் நீங்களும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்: இந்த வயதில் பசி குறைவது இயல்பு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய ஒன்பது கிலோ இருக்கும். அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதற்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சியின் வேகம் தணியும்போது வயிறு கேட்பதும் குறைகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது சாப்பிட்ட ஆர்வத்தை நினைவில் வைத்துக்கொண்டு, "இப்போது சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்" என்கிறோம்.

அடுத்துப் பால். காலையில் ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று, இரவு ஒன்று என்று போனால் சோற்றுக்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலாலேயே வயிற்றை நிரப்பும் பிள்ளைக்கு இரத்தசோகை வரலாம். நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். இடையில் கொடுக்கும் பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள்.

செல்பேசி விஷயத்தில், 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமே அதை இரு மடங்காக்கிவிடுகிறது. நேரக் கணக்கைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. திரையைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது; என்ன ருசி என்பதும் தெரியாது.

செய்ய வேண்டியது இது. எல்லோரும் சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு சிறு தட்டு. கையில் எடுத்துத் தின்னக்கூடிய இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், பிசைந்த சோற்றில் இரண்டு உருண்டை. சிந்தட்டும். இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பொறுப்பு. முதல் சில நாள்கள் வீட்டில் ரகளைதான். எடையை மட்டும் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ மாதம் ஒருமுறை பார்த்து வளர்ச்சி வரைபடத்தில் குறித்துவாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. அப்படியே நின்றாலோ இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதை மருமகள் சொன்னால் குறை சொல்வதாகத்தான் கேட்கும். உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மாதானே.

மகனுக்கு 16 வயது. டியூஷனுக்கு வீட்டில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டரைக் கேட்கிறான். தெருவில் அவன் வயதுப் பையன்கள் எல்லோரும் ஓட்டுகிறார்கள். ஒரே தெருதானே, கொடுக்கலாமா? – வாசகர், நாமக்கல்

கூடாது. 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். உங்கள் ஸ்கூட்டர் அதில் சேராது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைத் தெருவில் உள்ள மற்றத் தகப்பன்மார்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். வெட்கமாக இருக்கிறது என்பான். இருக்கட்டும்.

ஒன்பது வயது மகன் தெருநாய்க் குட்டிக்கு பிஸ்கட் போடுவான். அது அவன் கையைக் கடித்து இரத்தம் வந்திருக்கிறது. மூன்று நாள் கழித்துச் சட்டை மாற்றும்போதுதான் பார்த்தேன். "அடிப்பீர்கள் என்று சொல்லவில்லை" என்கிறான். குட்டி நன்றாகத்தான் ஓடித் திரிகிறது. இனி ஊசி போட வேண்டுமா? – வாசகி, உறையூர்

இந்தக் கடிதத்துக்கு மட்டும் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

போட வேண்டும், உடனே. மூன்று நாள் தாமதமாகிவிட்டது என்பது போடாமல் இருக்கக் காரணமல்ல, இன்னும் விரைந்து போவதற்குத்தான் காரணம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் முழுமையாகத் தடுக்கலாம். இவ்வளவு கறாரான நோய் வேறு அதிகம் கிடையாது. குட்டிதானே என்பதும் ஆறுதல் ஆகாது. குட்டிக்கும் இந்த நோய் வரும். நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்று சொல்வது ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிப்பதற்காக. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கடித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள்கள். தசையில் போடும் முறையில் 14 ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசிகள். இரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. பல இடங்களில் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கேளுங்கள். வலி குறைந்தது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இனி உங்களுக்கு. அடிப்பீர்கள் என்ற பயத்தில் ஒரு பையன் மூன்று நாள் கடியை மறைத்திருக்கிறான். நாளை வேறு எதையும் மறைப்பான். அவனை உட்காரவைத்து, "உடம்பில் அடிபட்டதைச் சொன்னால் இந்த வீட்டில் அடி கிடையாது" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். பிள்ளைகள் இதைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

முதல் பிறந்தநாளுக்குத் தெருவில் எல்லோரும் மண்டபம் பிடிக்கிறார்கள். திரும்பக் கொடுக்கும் பரிசுக்கே ஆயிரக்கணக்கில் ஆகிறது. செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏக்கம் வருமா? – வாசகர், வேளச்சேரி

ஒரு வயதுப் பிள்ளைக்கு மண்டபம் நினைவில் நிற்காது. அன்று கூட்டத்தைப் பார்த்து அழுததுகூட நிற்காது, புகைப்படத்தில்தான் இருக்கும். ஏக்கம் யாருக்கு என்பதைக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளுங்கள். பக்கத்து நான்கு வீட்டுக்குக் கேசரி கொடுத்தனுப்பினால் போதும்.

ஆறு வயது மகளை எதிர்வீட்டுப் பெரியவர் பார்க்கும்போதெல்லாம் தூக்கி மடியில் வைத்து முத்தம் கேட்கிறார். அவள் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். "பெரியவரை அவமதிக்காதே, போ" என்கிறார் மாமியார். அவர் நல்ல மனிதர்தான். நான் அதிகமாக யோசிக்கிறேனா? – வாசகி, பாளையங்கோட்டை

இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே இங்கே இல்லை. உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு போதும். ஒளிந்துகொள்ளும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளினால், "உன் உடம்பை யார் தொட வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள்" என்று நாமே அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தைப் பின்னால் யார் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது நம் கையில் இல்லை.

மரியாதைக்கு முத்தம் தேவையில்லை, வணக்கம் இருக்கிறது. அடுத்த முறை அவர் கை நீட்டும்போது நீங்களே சிரித்த முகத்துடன், "அவளுக்குத் தூக்கினால் பிடிக்காது ஐயா, வணக்கம் சொல்வாள்" என்று சொல்லிவிடுங்கள். மகளைச் சொல்லவைக்காதீர்கள், அது உங்கள் வேலை. நல்ல மனிதர் அதோடு நிறுத்திக்கொள்வார். சொன்ன பிறகும் வற்புறுத்தினாலோ, தனியே கூப்பிட்டாலோ, மிட்டாய் கொடுத்து "அம்மாவிடம் சொல்லாதே" என்றாலோ, அப்போது அங்கே அனுப்புவதை நிறுத்திவிடுங்கள், மாமியார் கோபித்தாலும்.

வீட்டில் பேச்சோடு பேச்சாக அவளிடம் இரண்டு செய்தி சொல்லிவையுங்கள். உள்ளாடை மறைக்கும் இடங்களைக் குளிப்பாட்டவும், அம்மா பக்கத்தில் இருக்க மருத்துவர் பார்க்கவும் தவிர யாரும் தொடக் கூடாது. யார் "ரகசியம்" என்று சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லலாம். எதுவும் நடந்ததாக அவள் சொன்னால், நம்புங்கள். திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்யாமல் மறைப்பதும் குற்றம். "தெரு மானம்" என்று பேசி முடிக்க அங்கே இடமில்லை.

எங்கள் அடுக்ககத்தில் பந்து பட்டு ஒரு காரின் கண்ணாடி உடைந்தது. அன்று முதல் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று சங்கம் அறிவிப்பு ஒட்டிவிட்டது. வாட்ஸாப் குழுவில் தினமும் சண்டை. – வாசகர், பீளமேடு

முதலில் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தாயிற்றா? கடிதத்தில் அதைக் காணோம். கொடுக்காவிட்டால் இன்று மாலை கொடுங்கள். அடித்த பையனையும் கூட்டிப்போங்கள். அவனே தவறு என்று சொல்லட்டும். கார்க்காரரின் கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

சங்கத்தின் பயத்திலும் பொருள் இருக்கிறது. பின்னோக்கி வரும் காருக்குப் பின்னால் பந்தெடுக்கக் குனிந்த பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. அதே நேரம், 5 முதல் 17 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சிரைக்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கீழே தடுத்தால் மொட்டை மாடிக்குப் போவார்கள், அது இதைவிட ஆபத்து.

ஐந்து மணி முதல் ஏழு மணி வரை ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி ஒதுக்கலாமா, அந்த நேரம் அங்கே நிற்கும் நான்கைந்து கார்களை மாற்றி நிறுத்தலாமா, ரப்பர் பந்து மட்டும் என்று வைக்கலாமா, முறை வைத்து ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்காரலாமா என்று கேளுங்கள். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை சத்தம் கூடாது என்பதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். எதிர்ப்பவர்களின் வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கக்கூடும். இதையெல்லாம் வாட்ஸாப்பில் பேசாதீர்கள். செயலாளர் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய்க் காப்பி குடித்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொன்றும் விசாரியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒதுக்கிய துண்டு நிலம் உங்கள் பகுதியில் எங்காவது புதர் மண்டிக் கிடக்கலாம். வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுக்கச் சங்கமே உங்களோடு வரும்.

ஐந்து வயது மகளைப் பள்ளி விட்டதும் எதிர்வீட்டு அக்கா அழைத்துவந்து, நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை வைத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டாக இப்படித்தான். பணம் கொடுத்தால், "நாளை முதல் அனுப்பாதே" என்று கோபிக்கிறார். வாங்காமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. – வாசகி, மடிப்பாக்கம்

பணம் வாங்கினால் அவர் உங்கள் வீட்டு ஆயா ஆகிவிடுவார். வாங்காதவரை உங்கள் மகளுக்குப் பெரியம்மா. அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், சரிதான். ஆனால் பணம் வேண்டாம் என்பதால் அவருக்குச் செலவே இல்லை என்று ஆகாது. மாலை மூன்றரைக்கு மேல் அவர் எங்கும் போக முடியவில்லை. கோயிலுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, மதியத் தூக்கத்துக்கு.

எனவே முதலில் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆறரைக்கு வருவேன் என்றால் ஆறரைக்கு வாருங்கள். வழியில் காய்கறி வாங்குவதை மகளை அழைத்துக்கொண்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாதம் வெளியூர் போகிற நாள் இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள் அக்கா, நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்" என்று மாதப் பிறப்பில் நீங்களாகக் கேளுங்கள். அவராக வாய் திறந்து "முடியாது" என்று சொல்லமாட்டார், அதனால்தான். மகளின் சிற்றுண்டியும் மாற்று உடையும் உங்கள் வீட்டிலிருந்தே போகட்டும். அவருடைய வங்கி வேலை, மின்கட்டணம், கண் மருத்துவமனைக்குத் துணை என்று உங்களால் ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிப் புடவையை உங்களுக்கு எடுக்கும் கடையிலேயே எடுங்கள். தரம் குறைந்தால் உடனே தெரிந்துவிடும்.

மாற்று ஏற்பாடு ஒன்றும் கையில் இருக்க வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் அலுவலகத்தில் அது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் அக்கா வருகிறார், மகள் வருகிறாள், உங்கள் அலுவலகம்கூட வருகிறது. கணவர் ஒரு வரியிலும் இல்லை. அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்?