பந்தய எக்ஸ்சேஞ்சில் மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரே நாளில் இழப்பது ஏன்? உணர்ச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். இரண்டு மாதமாக ஐ.பி.எல். ஆட்டங்களில் எக்ஸ்சேஞ்ச் டிரேடிங் செய்தீர்கள். தினம் முந்நூறு, நானூறு என்று சேர்ந்துகொண்டு வந்தது. ஒரே ராத்திரியில் தொகையை ஏற்றி ஏற்றிப் போட்டு 40,000 ரூபாய் போய்விட்டது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தி அதை மீட்பது எப்படி என்று கேட்கிறீர்கள்.

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். மீட்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 'உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் அடுத்த முறையும் அதேதான் நடக்கும்.

நான் இருப்பது மேற்கு லண்டனில், ஹவுன்ஸ்லோ பக்கம். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. 2017 ஜூனில் குதிரை ரேஸ் டிரேடிங் ஆரம்பித்தேன். பிரிட்டனில் அது உரிமத்தோடு, சட்டப்படி நடக்கும் தொழில். எக்ஸ்சேஞ்ச் என்பது பந்தயக் கடை மாதிரி இல்லை. கடையில் கடைக்காரருக்கு எதிராகக் கட்டுவோம். எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கு ஆள் எதிரெதிராகக் கட்டுகிறார்கள், தளம் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. 2000-ஆம் ஆண்டில் பெட்ஃபேர் இதை இங்கே தொடங்கியதிலிருந்து ஒரு குதிரை ஜெயிக்கும் என்றும் கட்டலாம், ஜெயிக்காது என்றும் கட்டலாம். முதலாவது 'பேக்', இரண்டாவது 'லே'. ரேஸ் தொடங்குவதற்கு முன் ஆட்ஸ் (குதிரை ஜெயித்தால், கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அந்தப் பவுண்டையும் சேர்த்து எத்தனை பவுண்டு கைக்கு வரும் என்ற எண்) ஏறி இறங்கும்போது ஒரு விலையில் வாங்கி இன்னொரு விலையில் விற்று, எந்தக் குதிரை ஜெயித்தாலும் இரண்டு மூன்று பவுண்டு மிஞ்சும்படி செய்வதுதான் டிரேடிங்.

1,500 பவுண்டில் ஆரம்பித்தேன். ஏழு மாதத்தில் அது 2,180 ஆனது. பெரிய தொகை இல்லை, ஆனால் ஒவ்வொரு பவுண்டையும் நான் எண்ணிச் சேர்த்தது. என் அளவு எப்போதும் 50 பவுண்டு. லாபம் வந்தால் மூன்று, நஷ்டம் வந்தால் ஐந்து, அதோடு வெளியே.

அப்புறம் 2018 ஜனவரியில் ஒரு புதன்கிழமை. கெம்ப்டன் பார்க்கில் விளக்கு வெளிச்சத்தில் ஓடும் மாலை நேர ரேஸ்கள். மனைவி வேலை முடிந்து வந்து குளிக்கப் போயிருந்தாள். அடுப்பில் பருப்பு வைத்து, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லியிருந்தாள். அன்று முதல் இரண்டு ரேஸிலும் ஐந்து ஐந்து பவுண்டாகப் பத்து போயிருந்தது. மூன்றாவது ரேஸில், பத்தையும் ஒரே டிரேடில் எடுத்துவிடலாம் என்று 50-க்குப் பதில் 100-ஐ அழுத்தினேன். தவறு நடந்த இடம் அதுதான். பிறகு நடந்ததெல்லாம் அதன் வால்.

ஒரு குதிரையை 6.0-இல் 100 பவுண்டுக்கு லே செய்தேன். அது ஜெயித்தால் நான் 500 பவுண்டு கொடுக்க வேண்டும், தோற்றால் எனக்கு 100. ஆட்ஸ் ஏறும் என்று எதிர்பார்த்தேன், அது இறங்கி 5.2 ஆனது. அந்த நிமிடம் முடித்துக்கொண்டிருந்தால் நஷ்டம் 15 பவுண்டு சில்லறை. வழக்கமாக ஐந்து பவுண்டில் வெளியேறுகிற எனக்கு அந்த 15 என்ற எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை. 5.2-இல் இன்னும் 200 பவுண்டுக்கு லே செய்தேன். சராசரி விலை நன்றாக ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குச் சந்தையில் விழுகிற பங்கை மேலும் மேலும் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்வார்களே, அதேதான். ரேஸுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு குதிரையின் ஆட்ஸ் சரசரவென்று இறங்கினால், விவரம் தெரிந்தவர்களின் பணம் அதன்மேல் வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நானே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

4.5 ஆனது. அப்போது முடித்திருந்தாலும் 64 பவுண்டோடு போயிருக்கும். விசில் வந்தது காதில் விழுந்தது. எத்தனையாவது விசில் என்று எண்ணவில்லை. மவுஸ் மேல் விரல் இருக்கிறது, அழுத்த மனம் வரவில்லை, மூச்சையே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட் திறந்துவிட்டது. ரேஸ் ஓடத் தொடங்கும் முன் கணக்கை முடிப்பதுதான் என் தொழிலே. ஆனால் அன்று 300 பவுண்டு லேயோடு, 1,340 பவுண்டு கொடுக்க வேண்டிய கடப்பாட்டோடு, ஓடுகிற குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேர்ப்பாதைக்கு வந்தபோதே முன்னால் இருந்தது, கடைசிவரை அதை யாரும் நெருங்கவில்லை.

"என்னங்க, அடிப்பிடிச்ச வாசனை வருதே, அடுப்பை அணைச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல். அணைக்கப் போனேன். குக்கரைத் திறந்து பார்க்கக்கூட இல்லை, திரும்பி வந்து அடுத்த ரேஸில் ஃபேவரிட் மேல், அதாவது ஆட்ஸ் மிகக் குறைவாக இருந்த குதிரை மேல், 300 பவுண்டு பேக் செய்தேன். அந்தக் குதிரையின் பெயரைக்கூட நான் படிக்கவில்லை. அதுவும் போனது. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க வைத்திருந்த 500 பவுண்டைக் கணக்கில் போட்டு, இன்னொரு குதிரையை 4.0-இல் 150 பவுண்டுக்கு லே செய்தேன். அது ஜெயித்தது. 450 போனது.

மொத்தம் 2,090 பவுண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குள்.

இரண்டு வாரம் கழித்து எல்லாப் பதிவுகளையும் இறக்கி ஒரு எக்செல் தாளில் போட்டுப் பார்த்தேன். ஏழு மாதத்தில் 412 டிரேட். அதில் 409 டிரேட் சேர்ந்து எனக்கு 680 பவுண்டு லாபம் கொடுத்திருந்தன. மீதி மூன்று 2,090-ஐக் கொண்டுபோயின. அந்த மூன்றுக்கும் ஒரே ஒரு பொது அம்சம்தான்: தொகையை மாற்றியிருந்தேன், அதுவும் ஒரு நஷ்டத்துக்குப் பிறகு. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எந்த அணி ஜெயிக்கும் என்பதில் நீங்கள் பெரிதாகத் தவறவில்லை. அடுத்த பந்தயத்தின் அளவை, போன பந்தயத்தின் வலியிடம் கேட்டு முடிவு செய்தீர்கள். உங்கள் பதிவுகளையும் ஒருமுறை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உங்கள் 40,000-மும் நான்கைந்து டிரேடுக்குள் அடங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

இது உங்கள் குணக்கேடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். லாபம் தருகிற மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தருகிற வலி பெரிது. அதனால் லாபத்தில் இருக்கும்போது பத்திரமாக ஒதுங்குகிற அதே ஆள், நஷ்டத்தில் இருக்கும்போது பெரிய ஆபத்தைத் தேடிப் போகிறான். 15 பவுண்டு நிச்சயமான நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டாமல் 1,340 பவுண்டைப் பணயம் வைத்தது அதுதான். டிரேடிங்கில் இது இரட்டிப்பாகக் கொல்லும். லாபத்தைச் சீக்கிரம் எடுத்துவிடுவோம், நஷ்டத்தை ஓடவிடுவோம். மூன்று மூன்றாகச் சேர்த்தது ஆயிரமாகப் போகும்.

இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் ஒருநாள் ஜெயித்துத்தானே ஆக வேண்டும் என்று கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஐந்து பவுண்டில் தொடங்கித் தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால், எட்டாவது பந்தயம் 640 பவுண்டு. அதுவும் தோற்றால் போனது மொத்தம் 1,275. ஜெயித்திருந்தால் கிடைப்பது அதே ஐந்து பவுண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பந்தயத்தில் தொடர்ந்து எட்டு முறை தோற்பது அபூர்வம் என்று தோன்றும். ஆயிரம் பந்தயம் கட்டினால் அது ஒரு தடவையாவது வரும் வாய்ப்புதான் அதிகம்.

எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-இல் எழுதியது. ஆட்ஸ் 2.0, நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு உண்மையிலேயே 52 சதவீதம் என்றால், கையில் இருப்பதில் 4 சதவீதம் கட்டலாம். ஆயிரம் ரூபாய்க்கு நாற்பது. அந்த அளவைப் போல இரண்டு மடங்கு கட்டினால் பணம் வளருவது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கும் மேலே போனால், உங்கள் கணிப்பு சரியாக இருந்தும் பணம் கரையும். நான் முதலில் படித்தபோது இதை நம்பவில்லை, தாளில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். அந்த 52 என்பது நிஜமாகவே 52 தானா என்று நம்மில் யாருக்கும் தெரியாது என்பதால், பலர் அதில் பாதிதான் கட்டுகிறார்கள். அந்த ராத்திரி நான் என் பணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே குதிரைக்கு எதிராக வைத்திருந்தேன்.

உணர்ச்சியே இல்லாத கம்ப்யூட்டரைக் கொண்டு செய்தால் சரியாகிவிடுமா? 2011 டிசம்பர் 28 அன்று அயர்லாந்தின் லெபர்ட்ஸ்டவுனில் வோலர் லா வெடெட் என்ற குதிரை ஓடியது. அது ஜெயிக்கும் நிலையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, பெட்ஃபேரில் யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து 29.0 ஆட்ஸில் சுமார் 2.1 கோடி பவுண்டுக்கு லே வந்து நின்றது. தானியங்கி நிரல் ஒன்றில் ஏற்பட்ட கோளாறு. குதிரை ஜெயித்தது, கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 60 கோடி பவுண்டு. ஓட்டத்தின் நடுவே கட்டிய பந்தயங்களைத் தளம் ரத்து செய்தது. நிரலுக்குக் கோபமும் பயமும் கிடையாது. ஆனாலும் 'இதற்கு மேல் கூடாது' என்ற தடுப்பு எங்கோ வேலை செய்யவில்லை. மனக்கட்டுப்பாட்டை நம்பி உட்காராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தடுப்பு வெளியில் இருக்க வேண்டும், அதையும் மனம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போட்டிருக்க வேண்டும்.

நான் போட்ட தடுப்புகளில் எனக்கு உதவியவை கொஞ்சம்தான். டிரேடிங் மென்பொருளில் தொகைக்கு 10, 25, 50, 100, 200 என்று பொத்தான்கள் வரிசையாக இருந்தன. 25 ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம், எனக்கு இதுதான் பெரிய பலன் தந்தது, ஏனென்றால் கோபத்தில் விரல் தேடுகிற பொத்தான் அங்கே இல்லை. லே செய்யும்போது போடுகிற தொகையைப் பார்க்காமல், குதிரை ஜெயித்தால் கொடுக்க வேண்டிய தொகையை மட்டும் பார்க்கப் பழகினேன். 30.0-இல் 20 பவுண்டு லே என்பது சின்னதாகத் தோன்றும், கொடுக்க வேண்டியது 580. கணக்கில் பணம் போடும் உச்சவரம்பையும் குறைத்தேன். இங்கே வரம்பைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும், உயர்த்தினால் குறைந்தது ஒருநாள் காத்திருக்க வேண்டும். அந்த ஒருநாள் பல தடவை என்னைக் காப்பாற்றியது. நோட்டில் லாப நஷ்டம் எழுதுவதை நிறுத்திவிட்டு, 'சொன்ன இடத்தில் வெளியேறினேனா' என்பதை மட்டும் எழுதினேன். மூன்று 'இல்லை' வந்தால் அன்றைக்குக் கடை மூடல்.

இப்படியும் 2020 வரை செய்தேன். முடிவில் மொத்தக் கணக்கு 1,100 பவுண்டு நஷ்டத்தில்தான் நின்றது. கேம்ஸ்டாப் என்று ஒரு ஏற்பாடு இங்கே இருக்கிறது. ஒருமுறை பெயர் பதிந்தால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்த இணையச் சூதாட்டத் தளமும் உங்களை உள்ளே விடாது. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம். நான் ஐந்து வருடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது உங்கள் விஷயம். வாட்ஸ்அப்பில் ஏஜெண்ட் கொடுத்த ஐடி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து விளையாடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. எனக்கிருந்த உச்சவரம்பு, கேம்ஸ்டாப் எதுவும் உங்களுக்கு அங்கே கிடையாது. நாளைக்கு நீங்கள் ஜெயித்து அந்த ஏஜெண்ட் பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதனால் மீட்கும் வழி என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. அந்த 40,000 போனது போனதுதான். என்னுடைய 2,090 போன மாதிரி.

இன்றைக்கு ராத்திரியே ஏஜெண்டின் எண்ணை பிளாக் செய்யுங்கள். அப்புறம் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தொகையைக் குறைக்காமல் சொல்லுங்கள். நான் அன்று தீய்ந்த குக்கரைத் தேய்த்துக்கொண்டே "கொஞ்சம் பணம் போச்சு" என்றுதான் மனைவியிடம் சொன்னேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மறுநாள் பூராவும் ஆபீஸில் எப்படி மீட்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் பேங்க் கணக்கைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "டிக்கெட் பணமுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை.