எலும்பா, மரபணுவா? பரிணாம மரம் பற்றிச் சில கேள்விகள்

பூன் லே மாணவி: அண்ணா, புதைபடிவங்களை வயது வரிசையில் அடுக்கினாலே பரிணாம மரம் வந்துவிடாதா?

வராதும்மா. வயது வரிசை வேறு, உறவு வேறு. யாரும் யாரும் எந்தப் புதுக் கூறைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எலும்பிலும் மரபணுவிலும் பார்த்து முதலில் மரத்தை வரையுங்கள். அப்புறம் பாறையடுக்கின் வயதோடு பொருத்திப் பாருங்கள். தனித்தனியாக வந்த இரண்டும் ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. மிகப் பழைய படிவம் காட்டுவது குறைந்தபட்ச வயதை மட்டுமே; உயிரினம் அதற்கு முன்பே தோன்றியிருக்கலாம். படிவம் இல்லை என்பதால் உயிரினமே இல்லை என்று ஆகாது. சீலகாந்த் மீன் டைனோசர்களோடு அழிந்ததாக நினைத்திருந்தார்கள். 1938ல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கியது.

யீஷூன் வாசகர்: திமிங்கலத்தின் நெருங்கிய சொந்தம் நீர்யானை என்கிறார்கள். திமிங்கலப் படிவம் 5 கோடி ஆண்டு பழையது, நீர்யானையோ சுமார் 2 கோடிதான். மரம் தப்புதானே?

நல்ல கேள்வி. நீர்யானையின் கிளையும் அப்போதே பிரிந்திருக்க வேண்டும், படிவம் மட்டும் இல்லை. இந்த வெற்று நீளத்தை கோஸ்ட் லீனியேஜ் என்பார்கள். அது நீளமாக இருந்தால் சந்தேகப்பட்டுத் தேட வேண்டும். தேடினார்கள். கென்யாவின் லோகோனேயில் கிடைத்த 2.8 கோடி ஆண்டுப் பற்களை 2015ல் எபிரிஜெனிஸ் என்ற பெயரில் விவரித்தார்கள். ஆந்த்ரகோதியர் என்ற, அழிந்துபோன பழைய பாலூட்டிக் கூட்டத்துக்கும் நீர்யானைக்கும் நடுவில் அது உட்கார்கிறது. ஓட்டையின் ஒரு பகுதி அடைந்துவிட்டது.

உட்லண்ட்ஸ் வாசகர்: படிவத்தில் இப்படி ஓட்டை இருந்தால் டிஎன்ஏ போதும், எலும்பு எதற்கு?

யீஷூன் வாசகர்: எலும்புதான் நேரடிச் சாட்சி. டிஎன்ஏ வெறும் கணக்கு.

இருவரும் நில்லுங்கள். முக்கோணப் பற்களை வைத்து, திமிங்கலம் மெசோனிக்கிட் என்ற ஊனுண்ணிகளின் சொந்தம் என்று 1960களில் சொன்னது எலும்பாய்வாளர்கள்தான். 1990களில் மரபணு நீர்யானையைக் காட்டியது. தீர்த்து வைத்தது 2001ல் பாகிஸ்தானிலிருந்து வந்த கணுக்கால் எலும்பு. நீர்யானையின் கூட்டத்தைச் சேர்ந்த மாடு, மான், பன்றிக்கு அந்த எலும்பின் இரு முனையிலும் கப்பி மாதிரிப் பள்ளம் உண்டு. ஆதித் திமிங்கலங்களான பாகிசீட்டஸுக்கும் ரோடோசீட்டஸுக்கும் அதே இரட்டைக் கப்பி! எலும்பே மரபணுவுக்குச் சாட்சி சொன்னது. உட்லண்ட்ஸ் நண்பரே, மரபணு மாற்றங்களை எண்ணிக் கிளை பிரிந்த காலத்தைக் கணிக்கும் மரபணுக் கடிகாரத்துக்கு நேரம் வைப்பதும் புதைபடிவம்தான். அதிலும் குறைந்தபட்ச வயதாகத்தான் கொடுக்க வேண்டும்.

தெம்பனிஸ் வாசகி: காஷ்மீரில் கிடைத்த, சிறு மான் மாதிரியான இண்டோஹையஸ் 4.8 கோடி ஆண்டு பழையது, பாகிசீட்டஸைவிடச் சற்று இளையது. அது எப்படி மூதாதை?

மூதாதை என்று யார் சொன்னது? பங்காளி. காதெலும்பின் தடித்த விளிம்பு திமிங்கலங்களைப் போலவே இருப்பதால் பக்கத்தில் வைக்கிறோம். பங்காளி பிறகும் வாழலாம். மறுபடியும், குறைந்தபட்ச வயது.

செங்காங் தந்தை: மகனுக்கு நேரில் எதைக் காட்டலாம்?

கெண்ட் ரிட்ஜில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015ல் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. துடுப்புக்குள் விரலெலும்புகளை எண்ணச் சொல்லுங்கள்.

பிடோக் வாசகர்: டைனோசரை குளோன் செய்ய முடியுமா?

என் துறை இல்லை. மரபணு ஆய்வாளரிடம் கேளுங்கள்.

பொங்கோல் வாசகர்: அப்போ பாகிசீட்டஸ்தான் எல்லாத் திமிங்கலத்துக்கும் தாத்தா?

மேலே பங்காளி பற்றிச் சொன்னதுதான் இதற்கும். கிளையின் நுனியில் வையுங்கள், கிளை பிரியும் இடத்தில் வேண்டாம்.