பட்டாளத்துச் சம்பளத்துல வளந்தவன் சொல்ற பதில்

கேள்வி இதுதான்: ஒரு நாடு ராணுவத்துக்கு நிறைய செலவு பண்ணா அதோட பொருளாதாரம், அரசியல், பாதுகாப்பு எல்லாம் என்ன ஆகும், நல்லதா கெட்டதா?

நான் எகனாமிக்ஸ் படிச்சவன் இல்ல, வேலூர்ல கணக்கு எழுதுற வேலை. ஆனா இந்த செலவோட ஒரு முனை எங்க வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்துச்சு, அதனால பதில் சொல்ல எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

எங்க ஊரு கணியம்பாடி பக்கம். பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு, எல்லாரும் ராணுவப்பேட்டைன்னுதான் சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருந்திருப்பாங்க, முதல் உலகப் போர் காலத்துலருந்தே இப்படித்தான். எங்க அப்பா ஆர்மில சப்ளை கொண்டு போற ஏஎஸ்சி பிரிவுல லாரி டிரைவர், ஹவில்தாரா ரிட்டயர் ஆனாரு. மழைய நம்பி நிலக்கடலை போடுற ஊர்ல மாசம் பொறந்தா மணியார்டர் வர்ற வீடுன்னா அதுக்கு ஒரு தனி மரியாதை. கடைல கடன் குடுப்பாங்க, பொண்ணு குடுப்பாங்க. ஓடு வேஞ்ச வீடு மெத்தை வீடானது, எங்க அக்கா டீச்சர் டிரெய்னிங் படிச்சது, எல்லாம் அந்தப் பணம்தான். அந்தப் பணம் டெல்லிலருந்து கிளம்பி எங்க ஊரு மளிகைக்கடை, கொத்தனார், ஸ்கூல் பீஸுன்னு இங்கியேதான் சுத்துச்சு. அதனால ராணுவச் செலவுன்னாலே வீண்னு யாராவது சொன்னா எனக்கு மனசு ஒப்பாது.

ஆனா அதே ஒரு ரூபா வேற வழில போனா இப்படி சுத்தாது. அரக்கோணத்துல ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கு, 1992-ல ஆரம்பிச்சது. கடலுக்கு மேல பறந்து நீர்மூழ்கிக் கப்பல் தேடுற பி-8ஐ விமானம் அங்க 2013-ல வந்துச்சு, அமெரிக்கா போயிங் கம்பெனிகிட்ட 2009-ல எட்டு விமானத்துக்கு சுமார் 210 கோடி டாலர் ஒப்பந்தம், அப்புறம் இன்னும் நாலு வாங்கினாங்க. அந்தப் பணத்துல பெரும்பகுதி வெளிநாட்டு ஃபேக்டரிக்குத்தான் போச்சு. அதுக்காக அது வீண்னு சொல்ல மாட்டேன், இவ்ளோ நீளமான கடற்கரைய வச்சிகினு கண்ண மூடிகினு இருக்க முடியாது. ஆனா சம்பளமா போற ரூபா வேற, இறக்குமதியா போற ரூபா வேற, இங்கியே ஆராய்ச்சி பண்ணி செய்யறதுக்கு போற ரூபா வேற. மூணையும் ஒண்ணா கூட்டி நல்லதா கெட்டதான்னு கேட்டா பதிலே வராது.

பட்ஜெட்டையே எடுத்துக்கங்க. 2025-26-ல பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, மத்திய பட்ஜெட்ல 13 சதவீதத்துக்கு மேல. அதுல பென்ஷன் மட்டும் 1.6 லட்சம் கோடி. புது விமானம், கப்பல், பீரங்கி வாங்கற மாதிரி மூலதனச் செலவு 1.8 லட்சம் கோடி. அதாவது 100 ரூபால 24 ரூபா ரிட்டயர் ஆனவங்களுக்கு, 26 ரூபாதான் புது தளவாடத்துக்கு, மீதில பெரும்பகுதி இப்ப வேலைல இருக்கறவங்க சம்பளம், சாப்பாடு, டீசல், ரிப்பேர். அந்த 24 ரூபால ஒரு துளிதான் இப்ப எங்க அம்மா வாங்கற ஃபேமிலி பென்ஷன். இத நான் மறைக்க விரும்பல. எங்க வீட்டுக்கு நியாயமா வரவேண்டிய பணம் அது, ஆனா அது வளர வளர எல்லைல நிக்கிறவனுக்கு புதுசா வாங்கிக் குடுக்கறதுக்கு மீதி கம்மியாகுது, ரெண்டும் உண்மை.

ராணுவத்துக்கு 6.81 லட்சம் கோடி, மத்திய அரசு கல்விக்கு 1.28 லட்சம் கோடிதான்னு ஒரு கணக்கு சுத்துது. அத அப்படியே வச்சு பேசறது தப்பு. ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் மாநில அரசு பணத்துல நடக்குது, ராணுவம் முழுக்க மத்திய அரசு பணம், அதனால மத்திய பட்ஜெட்ட மட்டும் பாத்தா எப்பவும் படம் சாய்ஞ்சுதான் தெரியும். நாட்டோட மொத்த உற்பத்தில பாத்தா ராணுவச் செலவு சுமார் 2 சதவீதம்தான். 1962-க்கு முன்னாடியும் 2 சதவீதத்த ஒட்டித்தான் இருந்துச்சு, சீனாகிட்ட அடி வாங்கின பிறகு ஒன்னு ரெண்டு வருஷத்துல 4 சதவீதம் கிட்ட போச்சு. அந்த அவசரச் செலவு, 1965 போர், கூடவே வந்த வறட்சி, எல்லாம் ஒண்ணா சேந்து 1966-ல ரூபாயோட மதிப்ப குறைக்க வேண்டியதாச்சு, ஒரு டாலர் 4.76 ரூபாலருந்து 7.50 ரூபா ஆச்சு, நாலாவது ஐந்தாண்டுத் திட்டம் 1969-க்கு தள்ளிப் போச்சு. சமாதான காலத்துல கொஞ்சம் கொஞ்சமா பண்ண வேண்டியத விட்டுட்டு அடி விழுந்த பிறகு ஓடி ஓடி பண்ணா வர்ற விலை அது.

இப்ப நான் உண்மையில சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கேள்விக்கு எல்லாரும் ராணுவத்துக்கு கொட்டியே உடைஞ்சுதுன்னு சோவியத் யூனியன உதாரணம் சொல்லுவாங்க, நம்ம ஆற்காட்டையே யாரும் சொல்றதில்ல. ஆற்காடு பஸ்ல போகும்போது பாலாத்தங்கரைல இடிஞ்சு மிச்சம் நிக்கிற டெல்லி கேட்ட பாத்திருப்பீங்க. ஒரு காலத்துல கர்நாடக ராஜ்ஜியத்துக்கே தலைநகரம் அது (இப்ப இருக்கற கர்நாடகா இல்ல, ஆற்காட்டு நவாப் ஆண்ட நம்ம பக்கத்து சீமை). அந்த ராஜ்ஜியம் முழுசா கைமாறினது போர்க்களத்துல இல்ல, ராணுவச் செலவுக் கணக்குல.

நவாப் முகமது அலி வாலாஜா, 1749-லருந்து 1795 வரைக்கும். தனக்குன்னு ஒரு நல்ல படைய கட்டி வளக்காம கிழக்கிந்திய கம்பெனி படைய நம்பினாரு. கம்பெனி அவருக்காக சண்ட போட்டுது, சண்ட முடிஞ்சதும் பில்லு நீட்டுச்சு. பணம் இல்ல, 1763-ல செங்கல்பட்டு சீமைய ஜாகீரா, அதாவது அதோட வரிய கம்பெனியே எடுத்துக்கற மாதிரி, எழுதிக் குடுத்தாரு. அப்பவும் கடன் தீரல. மேல கொடுமை என்னன்னா அந்தக் கடனக் கட்ட அவரு கடன் வாங்கினதே கம்பெனி ஆளுங்க கிட்டதான், தனிப்பட்ட முறைல, கொள்ள வட்டிக்கு. பால் பென்ஃபீல்டுன்னு ஒருத்தன் இதுலயே பெரும் பணக்காரனாகி லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போனான். அடமானம் என்ன தெரியுமா, ஒவ்வொரு சீமையோட வரி. அப்ப வடாற்காட்டுல ஏர் ஓட்டின குடியானவன் குடுத்த வரி ஏரி மதகு சரி பண்ண போகல, வட்டிக்குப் போச்சு. 1785-ல எட்மண்ட் பர்க்ன்ற எம்பி இந்த ஆற்காட்டு நவாப் கடனப் பத்தியே லண்டன் பார்லிமென்ட்ல நீளமா பேசியிருக்காரு, அந்த அளவுக்கு நாறின விவகாரம். அவ்ளோ செலவு பண்ணியும் பாதுகாப்பு கிடைச்சுதான்னா அதுவும் இல்ல, 1780-ல ஹைதர் அலி வந்து ஆற்காட்டையே புடிச்சாரு. கடைசில 1801-ல ஒரு ஒப்பந்தம், வரி, நிர்வாகம், படை எல்லாம் கம்பெனிக்கு, நவாப் வம்சத்துக்கு பேரும் வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கும். ஒரு அரசாங்கம் பென்ஷன்காரரா ஆயிடுச்சு.

அந்த பணத்துல வளந்த கம்பெனி படைல சிப்பாயா நின்னது நம்மாளுங்கதான். அஞ்சே வருஷத்துல, 1806 ஜூலை 10 விடியக்காலைல, வேலூர் கோட்டைல அவங்க வெள்ளைக்காரன எதிர்த்து கலகம் பண்ணாங்க. நெத்தில நாமம் விபூதி வைக்கக்கூடாது, தாடி எடு, புதுத் தொப்பி போடுன்னு கட்டளை, அதோட கம்மி சம்பளம். ஆற்காட்டுலருந்து கில்லஸ்பின்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட வந்து நூத்துக்கணக்குல கொன்னான். மக்கான் சிக்னல் பக்கம் அவங்க நினைவுத்தூண தாண்டிதான் தினமும் வேலைக்குப் போறேன், படைக்கு கொட்டின பணத்துல சிப்பாய்க்குன்னு என்ன போய்ச் சேந்துச்சுன்னுதான் ஒவ்வொரு தடவையும் தோணும்.

அதனால செலவு எவ்ளோன்றத விட அந்தப் பணம் யாரு வரிலருந்து வருது, யாருக்கு கடன்படறோம், கணக்கு கேக்க யாருக்கு உரிமை இருக்குன்றதுதான் எனக்கு பெருசா படுது. இலங்கைய பாருங்க, 2009-ல போர் முடிஞ்சும் படைய கரைக்கல, 2022-ல கடன் கட்ட முடியாம நின்னு, அதுக்கப்புறம் 2023 ஜனவரில, 2 லட்சம் பேருக்கு மேல இருந்த ராணுவத்த 2030-க்குள்ள 1 லட்சமாக்கறோம்னு அறிவிச்சாங்க. கடனுக்கு அது மட்டும் காரணம் இல்லதான், ஆனா கஜானா காலியாகற வரைக்கும் அத கேட்டு நிறுத்த அங்க அரசியல்ல யாருக்கும் தைரியம் வரல.

கணக்கு கேக்கறது நம்ம நாட்டுல நடந்துச்சு, அதுல ஒரு வலியும் இருக்கு. 1986-ல போஃபர்ஸ் பீரங்கி 410 வாங்க 1,437 கோடிக்கு ஒப்பந்தம். அடுத்த வருஷமே லஞ்சம்னு வெளில வந்து 1989-ல ஆட்சியே போச்சு. கேட்டது சரிதான். ஆனா அந்த பயத்துல அடுத்து சுமார் 30 வருஷத்துக்கு புதுசா அந்த மாதிரி பெரிய பீரங்கிய எந்த அரசாங்கமும் வாங்கி முடிக்கல. திருடினவன புடிக்கறதும் வேணும், சாமான் வந்து சேர்றதும் வேணும், நம்ம ஆளுங்க ஒன்ன பயந்து இன்னொன்ன விட்டாங்க.

1999-ல கார்கில் போரப்ப எங்க அப்பா ஸ்ரீநகர் லே ரோட்டுல சப்ளை லாரி ஓட்டிகினு இருந்தாரு, மேல மலைலருந்து பாகிஸ்தான்காரன் அந்த ரோட்டப் பாத்து குண்டு போட்ட நேரம். ஒன்ற மாசம் லெட்டர் இல்ல. எங்கம்மா ராத்திரி நியூஸ் முடிஞ்சும் டிவிய அணைக்க விடமாட்டாங்க, "இருடா, இன்னும் எதுனா சொல்லுவான்"னு உக்காந்தே இருப்பாங்க. அப்பா திரும்பி வந்தப்ப சொன்ன ஒரே விஷயம், ராத்திரி திராஸ் பக்கம் லைட்டு போடாம ஓட்டும்போது நம்ம போஃபர்ஸ் சத்தம் கேட்டா ஸ்டியரிங் புடிச்ச கை நடுக்கம் நிக்கும்னு. ஊழல்னு ஊரே பேசின அதே பீரங்கி. பாதுகாப்புச் செலவப் பத்தி எனக்கு தெரிஞ்ச நேரடி சாட்சி அவரு ஒருத்தர்தான்.

இப்ப அக்னிபத், பட்டாளத்துக்கு சிப்பாய் எடுக்கற புதுத் திட்டம். 2022 ஜூன்ல வந்துச்சு, நாலு வருஷம் வேலை, நாலுல ஒருத்தருக்குத்தான் நிரந்தரம், மத்தவங்களுக்கு சுமார் 11.7 லட்சம் குடுத்து அனுப்பிடுவாங்க, அதுலயும் பாதி அவங்க சம்பளத்துல புடிச்சது, பென்ஷன் கிடையாது. மேல சொன்ன 24 ரூபா கணக்க பாத்தா இதுக்கு காரணம் புரியுது, நானும் கணக்கு எழுதறவன்தான். ஆனா எங்க பக்கத்து ஊருங்களுக்கு இது நூறு வருஷமா இருந்த வழக்கத்த மாத்துது. ராணுவம்ன்றது வேலைவாய்ப்புத் திட்டம் இல்லன்றத நான் ஒத்துக்கறேன், அப்ப மானாவாரி பூமில இருக்கற பசங்களுக்கு வேற வேலை எங்க? தமிழ்நாட்டுக்கு பாதுகாப்புத் தொழில் காரிடார் வந்தப்ப சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சின்னு அஞ்சு ஊரு சொன்னாங்க, அதுல வேலூர் பேரு இல்ல. இத்தன தலைமுறையா ஆள அனுப்பின ஊருக்கு ஒரு ஃபேக்டரியாவது கேக்கறது தப்புன்னு எனக்கு தோணல.

என் அக்கா பையன் தினமும் விடியக்காலை 5 மணிக்கு 1600 மீட்டர் ஓடிப் பழகறான், தாத்தா மாதிரி போகணும்னு. போன வாரம் கேட்டான், "மாமா, நாலு வருஷம் கழிச்சு அனுப்பிட்டா இன்னா பண்றது?"ன்னு. ஐடிஐ-ல டீசல் மெக்கானிக் சேந்துடு, ஓடறதையும் விடாதன்னு சொல்லியிருக்கேன். அப்ளிகேஷன் வாங்கி வச்சிருக்கோம்.