சின்ன பாட்டில்தானேன்னு நினைக்காதீங்க தம்பி

லூவன்ல ஆய்வு மாணவரா சேரப் போறீங்க, ரொம்ப சந்தோஷம். வீடு, சைவச் சாப்பாடு, டச்சு மொழி, குளிர்னு வரிசையா கேட்டுட்டு, கடைசியில தயங்கித் தயங்கி ஒண்ணு கேட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்ல எல்லாரும் பீர் குடிக்கப் போவாங்களாமே, பெல்ஜியத்தோட கருப்பு பீர் நம்ம ஊர் ஸ்ட்ராங் மாதிரிதானா, எது நல்லது எது மட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு. முதல் நாலுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கோங்க, முடிஞ்சது. நான் கடைசிக் கேள்விக்கு வர்றேன்.

முதல்ல கணக்கு. ஊர்ல 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீதம்னா உள்ள இருக்கிற ஆல்கஹால் 32.5 மில்லி. இங்க 330 மில்லி குட்டி பாட்டில், 10 சதவீதம்னா 33 மில்லி. கைக்கு அடக்கமா இருக்கிற அந்தப் பாட்டில் ஒரு முழு பெரிய பாட்டிலுக்குச் சமம். இதை யாரும் எனக்குச் சொல்லல. நான் வந்த புதுசுல தங்கினது ஒரு மொட்டை மாடி ரூம், கூரை ஓரத்துல ஈரம் கசியும், ஹீட்டரை எத்தனை மணிக்குப் போடணும்னு வீட்டுக்காரம்மாதான் முடிவு பண்ணுவாங்க. அந்த முதல் வெள்ளிக்கிழமை, எனக்கு முன்னாடியே வந்து செட்டில் ஆன நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர் மெனுவுல விரலை ஓட்டி எதுக்குப் பக்கத்துல பெரிய நம்பர் இருக்கோ அதைச் சொன்னார். ரோஷ்ஃபோர் 10ங்கிற பீர். 10 பேர்ல இருக்கிறது, ஆல்கஹால் 11.3 சதவீதம். "சின்ன பாட்டில்தான்டா, கோலி சோடா மாதிரி"ன்னார். அது காலியாகிறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுச்சு. ராத்திரி மழையில சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்து ரூமுக்குப் போனேன். அண்ணன் கார்ல போயிட்டார்.

சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனதே நல்லதாப் போச்சு. இங்க ஒரு லிட்டர் ரத்தத்துல 0.5 கிராம்ங்கிற வரம்பு காருக்கு மட்டுமில்ல, சைக்கிளுக்கும் உண்டு. ஒல்லியான ஆளுன்னா இந்த மாதிரி ஒரே பாட்டிலை மடமடன்னு குடிச்சாலே அந்த வரம்பைத் தொட்டுடலாம். பஸ்ல போங்க, இல்ல நடங்க.

இன்னொரு தொல்லை ரவுண்டு முறை. ஆளாளுக்கு ஒரு ரவுண்டு வாங்குவாங்க. ஆறு பேர் உட்கார்ந்தா ஆறு கிளாஸ்னு அர்த்தமில்ல. உங்க முறைக்கு எல்லாருக்கும் வாங்கிக் குடுத்துடுங்க, அப்புறம் உங்களுக்கு வெறும் பச்சைத் தண்ணி சொல்லிக்கோங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. குடிக்கவே மாட்டேன்னாலும் கேக்க மாட்டாங்க. "ஏன் மச்சி, சாமிக்கு மாலை போட்டிருக்கியா"ன்னு நச்சரிக்கிறது நம்ம ஆளுங்கதான். தண்ணிக்கும் காசு வாங்குவாங்கங்கிறது மட்டும் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

இப்ப ருசி. பெரும்பாலானவங்க தப்பாப் புரிஞ்சுக்கிறது கருப்பு நிறத்தைத்தான். கருக வறுத்த மால்ட்டால, அதாவது முளைகட்டின பார்லியால, கருப்பாகிறது ஸ்டவுட்ங்கிற வகை. அது காப்பிக்கொட்டை மாதிரி கசக்கும். பெல்ஜியம் வகையில நிறத்துல பெரும்பங்கு காண்டி சர்க்கரையிலிருந்து வருது: பீட் சர்க்கரையைக் காய்ச்சிக் காய்ச்சிக் கருக்கின பாகு. அந்தப் பாகை ஈஸ்ட் ஏறக்குறைய முழுசாத் தின்னு தீர்த்துடும். அதனால ஆல்கஹால் ஏறும், ஆனா பீர் கெட்டியாகாது, தொண்டையில வழுக்கிக்கிட்டு இறங்கும். ஆளைக் கவுக்கிறதே அந்த வழுக்கல்தான்.

ஜில்லுன்னு கேக்காதீங்க. 4 டிகிரியில இதுக்கு வாசனையே இருக்காது. 12 டிகிரி பக்கம் இருக்கணும். அகல வாய் கிளாஸைத் தண்ணியில அலசி, சாய்ச்சு மெதுவா ஊத்தணும். பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு தடவை நொதிக்க விட்ட பீர் இது, அதனால அடியில ஈஸ்ட் வண்டல் இருக்கும். கடைசி ஒரு விரல்கடையை பாட்டில்லயே விட்டுடுங்க. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, கருப்புன்னு நினைச்சது ஓரத்துல சிவப்பாத் தெரியும். நுரை பழுப்பா, பொடிப்பொடியா, சீக்கிரம் அடங்காம நிக்கணும்.

அப்புறம் மூக்கு. பேரீச்சை, உலர்திராட்சை, அத்திப்பழம், அதுக்குப் பின்னால லேசா கிராம்பு, சில சமயம் கனிஞ்ச வாழைப்பழம். இதுல பழமும் போடல, கிராம்பும் போடல, பெரும்பாலும் ஈஸ்ட் செய்யிற வேலை அது. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவ வாடை வந்தா நொதிக்க வச்ச சூட்டைக் கவனிக்காம விட்டிருக்காங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வந்தா காத்து பட்டுப் பழசாயிடுச்சு.

வாயில வச்சதும் இனிப்பு தெரியும், அது சரி. முழுங்கின பிறகு என்ன ஆகுதுங்கிறதுதான் பரீட்சை. நல்ல பீர்னா இனிப்பு அங்கேயே முடிஞ்சு நாக்கு வறண்டு, மெல்லிசா ஒரு கசப்பும் கதகதப்பும் நிக்கும். அடுத்த வாய்க்குக் கை தானா போகும். மட்டமான பீர்னா உதட்டுல பிசுபிசுன்னு ஒட்டும், பாதி கிளாஸ்லயே திகட்டும். புதுசா முளைச்ச கிராஃப்ட் கடைகள்ல பாதிப் பேருக்கு இந்த வறட்சி வர மாட்டேங்குது. திகட்டலை மறைக்கப் பட்டையும் வனிலாவும் போட்டு, விஸ்கி பீப்பாய்ல ஊற வச்சு, லேபிள்ல ஒரு பேய்ப் படம் போட்டு ரெட்டை விலைக்கு விப்பாங்க. மசாலா போட்டாலே மோசம்னு சொல்லல. ரோஷ்ஃபோர்லயே கொத்தமல்லி விதை சேர்க்கிறாங்க, சொன்னாத்தான் தெரியும்.

எதுல ஆரம்பிக்கலாம்? வெஸ்ட்மாலே டூபல், 7 சதவீதம். அது பழகினப்புறம் ஷிமே நீலம், 9. அதுக்கு மேல வாட்டூ ஊரோட சின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12. அந்த 12 பேர்ல மட்டும்தான், சதவீதம் 10. இங்கதான் நம்ம ஆளுங்க பத்தி ஒண்ணு சொல்லணும். ஊர்ல இருந்து யார் வந்தாலும் பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற வெஸ்ட்ஃப்ளேட்டரென் கிறிஸ்தவ மடத்துக்குக் கூட்டிட்டுப் போய், அங்க காய்ச்சுற பீர் பாட்டிலோட போட்டோ எடுத்து, "உலகத்துலயே பெஸ்ட்"னு போட்டுட்டு, காலி பாட்டிலை ஷோகேஸ்ல வைப்பாங்க. அதுல என்ன ருசி இருந்துச்சுன்னு கேளுங்க, "சூப்பர் ஜி"ங்கிறதோட சரி. 1946-ல இருந்து 1992 வரைக்கும் அந்த மடத்தோட பெயர்ல பீர் காய்ச்சி வித்ததே வாட்டூக்காரங்கதான். மடத்து பீர் இன்னும் கொஞ்சம் ஆழம், ஒத்துக்கிறேன். ஆனா பிரஸ்ஸல்ஸ்ல டூரிஸ்ட் கடைகள் அதை விக்கிற விலைக்கு ஆழம் இல்ல. திருப்பி விக்கக் கூடாதுன்னு சாமியார்கள் சொல்லித்தான் குடுக்கிறாங்க, யார் கேக்கிறா.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது அந்த அண்ணன் இல்ல. லூவனை ஒட்டின கேஸல்-லோ பக்கம் வீடு மாறினப்ப பக்கத்து வீட்டுல இருந்த பெரியவர். ரயில்வே பட்டறையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எனக்கு டச்சு அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் அதைவிட அரைகுறை. ஒரு கிளாஸ் குடுத்துட்டு, முதல்ல மோந்து பாரு, குடிக்காதேன்னு சைகையில சொல்லுவார். நான் ஒரு வாசனையைப் பேர் சொல்ற வரைக்கும் விட மாட்டார். எனக்கு உடனே பிடிபட்டது கருப்பட்டி, ஆனா அதை அவருக்கு எப்படிச் சொல்றது? ஊருக்குப் போயிட்டு வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு வட்டு கொண்டுவந்து குடுத்தேன். ஒண்ணு வெறும் கருப்பட்டி, இன்னொண்ணு சுக்கு போட்டது. மனுஷன் ரெண்டையும் மோந்து பார்த்தார், கத்தியால செதுக்கி வாயில போட்டார், ஒண்ணும் பேசாம கீழே இறங்கிப் போய் ஒரு ரோஷ்ஃபோர் 10 எடுத்துட்டு வந்தார். வெறும் கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு ஒரு வாய் குடிச்சுட்டுத் தலையாட்டினார். சுக்குக் கருப்பட்டியை மட்டும் ஓரமா நகத்தி வச்சுட்டு, "இதுல எதையோ மறைச்சிருக்கான்"னார்! உடன்குடிக்காரங்க மன்னிக்கணும்.

இப்ப எங்க ஆபீஸ்ல இந்த ஊர்க்காரங்களே மெனுவை என்கிட்ட நீட்டி, இன்னைக்கு எதுன்னு கேக்கிறாங்க. அந்த அண்ணன் இன்னும் பெரிய நம்பரைத்தான் தேடிக்கிட்டு இருக்கார்னு கேள்வி.

காலி பாட்டிலைக் குப்பையில போடாதீங்க, சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா டெபாசிட் காசு திரும்ப வரும். வீடு பத்திக் கேட்டிருந்தீங்கல்ல, பழைய வீடாப் பார்த்துப் பிடிங்க, நிலவறையில உங்களுக்கும் பங்கு உண்டான்னு கேளுங்க. வருஷம் முழுக்க அந்த 12 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஃப்ரிட்ஜ்ல தயிரும் மாவும் வைக்கத்தான் உங்களுக்கு இடம் பத்தும்.